'மற்றவை'க்குள் கிடந்த கடலூர்: ஒரு வலைத்தள மறுசீரமைப்பு - நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் முதல் வாரம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்திருந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்துகொள்ள, கடலூரில் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. அந்த வாரம் ஒரு கல்லூரி மாணவி என் பெரியப்பாவுக்கு ஃபோன் செய்தாள். பெண்ணையாற்றுப் பழைய வெள்ளம் ஒன்றைப் பற்றி அவர் எப்போதோ எழுதியிருக்கிறார் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். "லிங்க் மட்டும் அனுப்புங்க ஐயா."

பெரியப்பா தன் வலைப்பூவைத் திறந்து அரை மணி நேரம் தேடினார். எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. எந்த ஆண்டு எழுதினார், என்ன தலைப்பு வைத்தார் என்பதுதான் நினைவில்லை. வெள்ளம் என்று தேடினார், பெண்ணையாறு என்று தேடினார், வரவில்லை. அன்றிரவு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் எழுதினதே எனக்குக் கிடைக்கல. அடுத்தவங்களுக்கு எங்க கிடைக்கப்போவுது? ஒரு நாள் வந்து பாருப்பா."

நான் புதுச்சேரியில் வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பி, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி தாண்டினால் கடலூர். ஒரு மணி நேரப் பயணம். ஒரு நாள் வந்து பார்க்கப் போனவன் ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் போனேன். இதற்கு முன் பல நிறுவனங்களுக்கு மறுவடிவமைப்பு செய்திருக்கிறேன். தனி மனிதர் ஒருவர் இருபது ஆண்டுகளாக எழுதியதை ஒழுங்குபடுத்துவது முற்றிலும் வேறு வேலை என்பதை இதில்தான் தெரிந்துகொண்டேன். இதே நிலையில் வலைப்பூ வைத்திருக்கும் தமிழ் எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் செய்தது அத்தனையையும் இங்கே எழுதுகிறேன்.

இருந்த நிலை

பெரியப்பா அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு திருப்பாதிரிப்புலியூரில், ஊர் வாயில் அது திருப்பாப்புலியூர். வலைப்பூ வருவதற்கு முன்பே ஓர் இலவசத் தளத்தில், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்க எழுத்துருவில் சில பக்கங்கள் போட்டு வைத்திருந்தார். 2006-இல் கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகருக்கு வந்தார். அப்போது எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டச்சு செய்து, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியில் பதிவைச் சேர்த்தால்தான் நாலு பேர் கண்ணில் படும். அந்தக் காலத்தின் அடையாளம் எல்லாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மேலே ஓடும் வாழ்த்து வரி, வலது பக்கம் கடிகாரம், வருகை எண்ணி, மூடப்பட்டுவிட்ட திரட்டிகளின் பட்டைகள்.

பட்டைகளில் ஒன்று ஆபத்தானது. அதைத் தந்த தளத்தின் டொமைன், அதாவது முகவரிப் பெயர், புதுப்பிக்கப்படாமல் போய் வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். கைபேசியில் பக்கத்தைத் தொட்டால் சில நேரம் சூதாட்ட விளம்பரத்துக்குப் போனது. ஊர்க் கோயிலைப் பற்றிப் படிக்க வந்த மாணவர்கள் அங்கே போய் விழுந்திருப்பார்கள் என்று நினைத்தபோது பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. முதல் சனிக்கிழமை நான் செய்த ஒரே வேலை, வெளியார் நிரல்துண்டுகள் அத்தனையையும் நீக்கியது. பழைய வலைப்பூ வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றே செய்துவிடுங்கள்.

அப்புறம் லேபிள்கள், அதாவது பதிவுகளை வகை பிரிக்கக் கொடுக்கும் பெயர்கள். கடலூர் என்று ஒன்று, கடலுர் என்று எழுத்துப்பிழையோடு ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, கடலூர் வரலாறு என்று ஒன்று, வரலாறு என்று தனியாக ஒன்று. தானே புயலுக்கு மட்டும் மூன்று லேபிள். ஒன்றில் றன்னகரம், ஒன்றில் டண்ணகரம், மூன்றாவது வெறும் புயல். எல்லாவற்றையும்விடப் பெரிய லேபிள் 'மற்றவை'. நானூற்றுச் சொச்சம் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள்தான் கிடந்தது.

முதலில் படித்தோம்

வடிவமைப்பு வேலை செய்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. உடனே புதுத் தீம் பார்க்கத் தோன்றும், நிறம் தேடத் தோன்றும். நான் அதைத் தள்ளி வைத்தேன். பிளாகரிலிருந்து மொத்தப் பதிவுகளையும் எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி, ஒரு எக்ஸெல் தாளில் விரித்தேன். முகவரி, தலைப்பு, தேதி, லேபிள், படம் உண்டா இல்லையா. அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். ஒவ்வொரு பதிவையும் நான் வாசிக்க, அவர் ஓரத்தில் குறித்தார்: இருக்கட்டும், சேர்க்கணும், எடுத்துடலாம்.

எட்டு வாரம் இது மட்டுமே நடந்தது. வேலையின் உயிர் இதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, "இன்று இணையம் மெதுவாக உள்ளது" போன்றவை நிறைய இருந்தன. யாரோ அனுப்பிய கவிதைகளை நல்லெண்ணத்தில் எடுத்துப் போட்டவையும் இருந்தன. மற்றவர் எழுத்து என்பதால் அவற்றை நீக்கினோம். வாழ்த்துகளை நான் நீக்கச் சொன்னேன், அவர் மறுத்தார். ஒவ்வொரு வாழ்த்திலும் அந்த ஆண்டு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. சரி என்று எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் ஒரே பக்கமாகத் தொகுத்தோம். இன்று எங்கள் குடும்பத்தில் அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஒரே செய்திக்கு இரண்டு தேதி கொடுத்திருந்த இடங்களும் அகப்பட்டன. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து 1690-இல் வாங்கியது. ஒரு பதிவில் சரியாக இருந்தது, மற்றொன்றில் 1698 என்று இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேரும் என்ற ஒப்பந்தத்தால் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வந்ததை அவர் மூன்று தனித்தனிப் பதிவுகளில், மூன்று ஆண்டு இடைவெளிகளில், ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுதியிருந்தார். 1758-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது நாலாவது பதிவில். நான்கையும் ஒரே கட்டுரையாக அவரே திருத்தி எழுதினார். எழுதிய நாள், திருத்திய நாள் இரண்டையும் கட்டுரையின் தலைமாட்டில் போட்டோம். திருத்தியதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஆறாவது சனிக்கிழமை 'மற்றவை'யை எடுத்தோம். அதில் "பழசு ஒண்ணு" என்று ஒரு தலைப்பு. வாசிக்கத் தொடங்கி நாலாவது வரியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மாணவி கேட்ட வெள்ளம் அதுதான். சின்னப் பையனாக இருந்தபோது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த வெள்ளம். தேடலில் ஏன் வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. தாத்தா பேசியது போலவே எழுதியிருந்தார். பதிவு முழுக்க "பெண்ணையாத்துல தண்ணி வந்துச்சி" என்றுதான் இருந்ததே தவிர, பெண்ணையாறும் இல்லை, வெள்ளமும் இல்லை.

அதே 'மற்றவை'யில்தான் பெரியம்மா இறந்த மாதம் எழுதியதும் இருந்தது. தலைப்பே இல்லாத பதிவு. அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். படித்துவிட்டு, பென்சிலால் "இருக்கட்டும்" என்று எழுதினார். அதற்கு எந்த லேபிள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதுத் தளத்தில் எந்தப் பகுதிக்குள்ளும் அதை வைக்காமல், 'என்னைப் பற்றி' பக்கத்தின் அடியில் ஒரு சுட்டி கொடுத்திருக்கிறோம்.

நாள்வரிசையா, ஊர்வரிசையா

வலைப்பூவின் இயல்பு, புதியது மேலே வருவது. நாட்குறிப்புக்கு அது சரி. ஊரைப் பற்றி இருபது ஆண்டு எழுதியவருக்கு அது பொருந்தவில்லை. 2007-இல் எழுதிய நல்ல கட்டுரை நூறு பதிவுகளுக்கு அடியில் போய்விடுகிறது.

முதலில் நான் வரைந்து காட்டியது வழக்கமான பகுப்பு: வரலாறு, ஆன்மிகம், இயற்கை, மனிதர்கள். பெரியப்பா பார்த்துவிட்டு, "அப்பர் கரையேறின கதைய எங்க வைப்ப?" என்று கேட்டார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் இன்றும் ஊராக இருக்கிறது. அவர் எழுதியது அந்தக் குப்பத்து மக்களைப் பற்றி, ஆற்று முகத்தைப் பற்றி, தேவாரத்தைப் பற்றி, எல்லாம் ஒரே கட்டுரையில். அது ஆன்மிகமா, வரலாறா, இயற்கையா? நாலு பெட்டியிலும் பாதிப் பாதி நுழையும். இப்படி எதுவும் சரியாக உட்காராத கட்டுரைகள்தான் காலப்போக்கில் 'மற்றவை'யில் போய்க் குவிந்திருக்கின்றன.

அவரே ஒரு வழி சொன்னார். "கடலூர ஆறுதான்பா பிரிச்சி வச்சிருக்கு. அப்படியே வையேன்." உண்மைதான். கெடிலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பம், புதுப்பாளையம். தெற்கே திருப்பாப்புலியூர். இன்னும் தெற்கே போனால் உப்பனாற்றங்கரையில் முதுநகரும் துறைமுகமும். வடக்கு எல்லையில் தென்பெண்ணை. மேற்கே போனால் திருவந்திபுரம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி. ஊர்க்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத வரிசை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஏதோ ஓர் இடம் கட்டாயம் இருக்கும். எங்கே என்று கேட்டால் அவரால் உடனே பதில் சொல்ல முடிந்தது.

இடத்துக்குள் அடங்காதவை இரண்டே வகை. ஒன்று, 2004 சுனாமி, 2011 தானே, 2015 மழை, இப்போது ஃபெஞ்சல் என்று கடலும் மழையும் சேர்ந்து செய்தவை. கடலூருக்கு அதற்குத் தனிப் பகுதி இல்லாமல் முடியாது. 'புயலும் வெள்ளமும்' என்று வைத்தோம். இன்னொன்று வீட்டுச் செய்திகள், அதற்கு 'நாட்குறிப்பு'. பழைய நாள்வரிசைப் பட்டியலும் ஒரு தனிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, தேதி வைத்துத் தேடுகிறவர்களுக்காக. 'மற்றவை' என்ற லேபிளை முற்றாக ஒழித்தோம்.

முகவரி

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், ஏனென்றால் பிழை நேர இடமுள்ளது இங்கேதான்.

பிளாகரில் தலைப்பை முழுக்கத் தமிழில் வைத்தால், முகவரியில் ஆண்டு, மாதம், பிறகு 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயர், ஓர் அடிக்கோடு, ஓர் எண் என்றுதான் அமையும். முகவரியை நாமே எழுதிக்கொள்ளும் வசதி 2012-இல் வந்தது. அதற்குள் பெரியப்பா பாதிக்கு மேல் எழுதி முடித்திருந்தார். முகவரியைப் பார்த்து எது எந்தக் கட்டுரை என்று சொல்லவே முடியாது. ஆனால் அந்த முகவரிகள்தான் மாணவர்களின் ஆய்வேடுகளிலும், மற்றவர்களின் பதிவுகளிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைக்கூட முறிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சொந்த டொமைன் வாங்கி அந்த வலைப்பூவோடு இணைத்துக் கொடுத்திருந்தேன். அது இப்போது பெரிய உதவியாக இருந்தது. பிளாக்ஸ்பாட் என்று முடியும் பழைய முகவரிக்கு வருகிறவரையும் அது சொந்தப் பெயருக்கே அனுப்பும். ஆக, சொந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் பழைய முகவரிகள் பின்னாலேயே வரும். பழைய வலைப்பூவை அழிக்காமல் வைத்திருந்தால் போதும். ஒரு காலத்தில் இந்திய வாசகர்களுக்கு 'டாட் இன்' என்று முடியும் முகவரி காட்டப்பட்டது. அந்தப் பெயர் பின்னால் வேறு கைக்குப் போய்விட்டதால், அதை வைத்து வெளியே யாராவது கொடுத்த சுட்டிகளை நம்மால் மீட்க முடியாது. பெரியப்பாவே தன் பதிவுகளுக்குள் அப்படிக் கொடுத்திருந்த சுட்டிகளை மட்டும் தேடித் தேடி மாற்றினோம்.

தளத்தை எதில் நடத்துவது? எனக்குப் பிடித்தது நிலையான பக்கங்களாக உருவாக்கி ஏற்றிவிடும் முறை. வேகம், பாதுகாப்பு, செலவும் இல்லை. ஆனால் அதில் ஒரு வரி திருத்த வேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிட வேண்டும். எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதர், தோன்றிய நேரத்தில் ஃபோனில் எழுதிப் போட்டுப் பழகியவர், சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டுமா? எழுதுகிறவர் கையில் தளம் இருக்க வேண்டும். எழுதுகிறவரே நேரடியாக எழுதித் திருத்தும் தள மென்பொருளான வேர்ட்பிரஸ் என்று முடிவானது.

அதில் தமிழ் முகவரியும் வைக்கலாம். பெரியப்பா அதைத்தான் கேட்டார். தமிழ்த் தளத்துக்கு முகவரியும் தமிழில் இருப்பதுதானே மரியாதை? கேள்வி நியாயமானது. அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடில் க ஒரு குறி, ட ஒரு குறி, ஊகாரக் கொக்கி தனிக் குறி, புள்ளி தனிக் குறி. 'கடலூர்' என்பது ஆறு குறி. முகவரியில் போகும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகிவிடும். ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து, கடலூருக்கு 54. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரில் 22 குறி. 198 எழுத்து அதற்கே சரியாகப் போய்விடும். பக்கத்தில் 'கோயில்' என்று ஒரு சொல் சேர்க்க முடியாது, வெட்டுப்படும்.

"ஊர்ப் பேரு ஒண்ணுக்கே இடம் பத்தலியா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாட்ஸ்அப்பில் இப்படி நாலு வரிக்கு நீளும் சுட்டியைத் தானே பார்த்துப் பயந்து தொடாமல் விட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆங்கில எழுத்தில் குறுகலாக வைக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: ஊர்ப் பெயர்களை அவர் உச்சரிக்கிறபடி எழுத வேண்டும், வெள்ளைக்காரர் எழுதினபடி அல்ல. அதன்படி கடலூர் எங்கள் முகவரிகளில் கே எழுத்தில்தான் தொடங்குகிறது. எல்லா ஊருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வர வேண்டும் என்பதற்காக அவரே ஒரு நோட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்தார்.

எழுத்தும் தேடலும்

திஸ்கி காலத்துப் பக்கங்கள் இருந்த இலவசத் தளம் மூடப்பட்டு வெகு காலமாகிறது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அவற்றில் சில அகப்பட்டன. திறந்தால் தலையும் வாலும் புரியாத ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துருமாற்றியில் கொடுத்து யுனிகோடுக்கு மாற்றினேன். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து சேமிக்கப்படும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றி இதைச் சரியாகவே செய்தது. ஆனால் சில இடங்களில் ஒகரம் ஒரே குறியாகவும், சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வந்தன. பார்க்க ஒன்றாகவே இருக்கும். தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. மொத்தத்தையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கும் நிரல் ஒன்றை ஓட்டிச் சரி செய்தேன்.

இன்னொரு பிழை மனிதக் கை செய்தது. ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், கௌரவம், பௌர்ணமி, மௌனம் எல்லாவற்றையும் பல காலம் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருந்தார். ஔவையார் ஒகரமும் ளகரமுமாக இருந்தாள். தமிழாசிரியருக்கு இது பெரிய வருத்தம். ஒவ்வொன்றாகத் திருத்தியது அவர்தான். இயந்திரத்திடம் விட்டால் 'கெளுத்தி மீன்' கெட்டுப்போகும் என்று முதலிலேயே எச்சரித்தவரும் அவர்தான்.

தேடல் பெட்டியில் 'கடலூர்' என்று போட்டால் 'கடலூரில்' என்று எழுதிய கட்டுரை வராது. ஈற்றுப் புள்ளி அங்கே இகரமாகிவிட்டது. இயந்திரத்துக்கு அது வேறு சொல். 'துறைமுகம்' என்று தேடினால் 'துறைமுகத்தில்' வராது. 'பெண்ணையாறு' தேடினால் 'பெண்ணையாற்றில்' வராது. நான் பெரிய தேடுபொறிச் செருகுநிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கேட்டுவிட்டு, "இது எட்டாங்கிளாஸ் புணர்ச்சி தம்பி" என்றார். மெய்யில் முடிந்தால் புள்ளியை எடு. மகரத்தில் முடிந்தால் மகரத்தையே எடு. குற்றியலுகரத்தில் முடிந்தால் உகரத்தை எடு. எடுத்தது போக மீதியைத் தேடு. 'கடலூர' என்பது கடலூர், கடலூரில், கடலூருக்கு மூன்றுக்குள்ளும் இருக்கிறது. 'பெண்ணையாற' என்பது பெண்ணையாற்றுக்குள்ளும் இருக்கிறது. சில வரி நிரலில் முடிந்தது. 'ஆறு' என்று மட்டும் தேடினால் ஆறுதலும் சேர்ந்து வரும். அது பரவாயில்லை என்று விட்டோம். 'பெண்ணையாத்துல' போன்ற பேச்சு வடிவங்களுக்கு மட்டும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் தேடுசொற்கள் சேர்த்தோம். 'வெள்ளம்' என்று அந்தப் பதிவில் இப்போதும் இல்லை, தேடுசொல்லில் இருக்கிறது. தாத்தாவின் பேச்சைத் திருத்த அவர் ஒப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

படங்கள்

இறக்கிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும்; படங்களின் முகவரி இருக்கும், படம் இருக்காது. பக்கத்தில் தெரிவதும் சிறிதாக்கிய பிரதி. அந்த முகவரிக்குள் அளவைச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது; 320 என்று இருப்பதை 1600 ஆக்கினால் பெரிய படம் கிடைக்கும். அப்படியே எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். வெளித் தளங்களில் ஏற்றி வைத்திருந்த ஆரம்பகாலப் படங்கள் போனது போனதுதான்.

கிடைத்தவற்றில் முக்கால்வாசிக்கு விளக்கம் இல்லை. பெயர் வெறும் கேமரா எண். ஒரு படத்தில் வேரோடு சாய்ந்த பலா மரம். படத்துக்குள் பதிந்திருந்த தேதி 2005 ஜனவரி 1. சுனாமிக்கு அடுத்த வாரம் என்று எடுத்துக்கொண்டு எழுதப் போனேன். பெரியப்பா தடுத்தார். சுனாமியில் பண்ருட்டிப் பக்கத்துப் பலா எப்படி விழும்? படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மரத்துக்குப் பின்னால், தூரத்தில், நாலைந்து பேர் மின்கம்பம் நடுகிறார்கள். "இவங்க வெளி மாவட்டத்து ஈ.பி. ஆளுங்க. தானே அடிச்சி கரண்டு இல்லாம கெடந்தோமே, அப்ப வந்தவங்க." 2011 டிசம்பர் 30 காலையில் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக விழுந்தன. பல நாள் மின்சாரம் இல்லாமல் கேமராவின் பேட்டரி முழுதும் இறங்கி, அதன் நாள்காட்டி தொடக்கத் தேதிக்குத் திரும்பியிருக்கிறது. ஆக அது 2012 ஜனவரி. அதன் பிறகு எந்தப் படத்தின் தேதியையும் அவரிடம் கேட்காமல் நான் எழுதவில்லை.

விளக்கங்களை அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பான்களுக்கான மாற்று உரையும் அதிலேயே வந்துவிட்டது.

தோற்றம்

வெள்ளைக்குச் சற்று மங்கலான பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே பத்தி, பக்கப்பட்டை கிடையாது. எழுத்துருவுக்கு மட்டும் நேரம் எடுத்தோம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், இன்னும் இரண்டு என்று நான்கில் ஒரே பத்தியைப் போட்டு அவருடைய ஃபோனில் காட்டினேன். மூன்றாவது வரி வரை படித்துவிட்டு முக்தா மலரைத் தொட்டார். தமிழில் மேலே இகரச் சுழியும் கீழே உகரக் கொக்கியும் நீட்டிக்கொண்டிருப்பதால் வரி இடைவெளியை எழுத்தளவைப்போல 1.8 மடங்கு வைத்தேன். இருபுறமும் நேராக்கும் ஒழுங்கை எடுத்துவிட்டேன். நம் சொற்கள் நீளம், ஃபோனின் குறுகிய வரியில் நடுவே பள்ளம் பள்ளமாகத் தெரியும். சாய்வெழுத்தும் இல்லை. தமிழுக்கு அது பழக்கமில்லாதது, இயந்திரம் சும்மா சாய்த்துத்தான் காட்டும்.

ஓடும் வாழ்த்து வரியை எடுத்ததில் அவருக்குக் குறை உண்டு. அது பெரியம்மாவின் யோசனையாம். அந்த வாசகம், "வந்தவரை வாழ்த்துகிறோம்" என்பது, இப்போது முகப்பின் தலையில் அசையாமல் நிற்கிறது.

மாற்றிய நாளும் நேர்ந்த பிழையும்

ஒரு ஞாயிறு இரவு டொமைனைப் புது இடத்துக்குத் திருப்பினேன். பழைய முகவரி ஒவ்வொன்றையும் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் பட்டியல் தயாராக இருந்தது. மறுநாள் காலை திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் கட்டுரையின் பழைய சுட்டியைத் தொட்ட ஒருவர், பொங்கல் வாழ்த்துக்குப் போய் நின்றார். பெரியப்பாவின் மாணவர், உடனே அவரிடம் சொல்லிவிட்டார்.

காரணம் என் எக்ஸெல் தாள். பட்டியல் தயாரிக்க வசதியாக முகவரியை அடிக்கோட்டில் வெட்டி, கடைசி எண்ணைத் தனி நெடுவரிசையில் வைத்திருந்தேன். எண் என்று கண்டதும் தாள் முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. 05-ம் 5-ம் அந்த வலைப்பூவில் இரண்டு வேறு பதிவுகள். ஒரே மாதத்தில் இரண்டும் இருந்த இடங்களில் ஒன்று மற்றொன்றை மூடிவிட்டது. பூஜ்யத்தில் தொடங்குபவை வேறு இடங்களில் எங்குமே போகாமல் நின்றன. மூல எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து முகவரியை வெட்டாமல் முழுதாக எடுத்து, அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று குறித்து, பட்டியலை மறுபடி செய்தேன். இந்த முறை ஒவ்வொரு பழைய முகவரியையும் தானாகத் திறந்து, போய்ச் சேர்ந்த பக்கத்தின் தலைப்பு சரிதானா என்று ஒப்பிடும் சிறு நிரலை ஓட்டினேன். மாற்றுவதற்கு முன்பே அதை ஓட்டியிருக்க வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பலர் தவறான பக்கத்துக்குப் போனார்கள்; அது என் கவனக்குறைவு.

ஃபோனில் பகிர்ந்த பிளாகர் சுட்டிகளின் வாலில் ஒரு கேள்விக்குறியும் எம் எழுத்தும் ஒன்றும் ஒட்டியிருக்கும். திருப்பிவிடும் விதி அந்த வாலைப் பொருட்படுத்தாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே சேர்த்துப் பார்த்தேன். செய்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இப்போது

மாணவிக்கு வெள்ளக் கட்டுரையின் சுட்டி போய்ச் சேர்ந்தது, ஆறு மாதம் தாமதமாக. அவளுடைய ஆய்வேடு அதற்குள் முடிந்திருந்தது. அவள் அதைத் தன் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாளாம். அவருக்கும் அதே வெள்ளம் நினைவிருந்து, தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்று ஒரு திருத்தம் சொல்லியனுப்பினார். அதை விசாரித்துச் சேர்த்தோம், திருத்திய நாளோடு.

மொத்தத் தளத்தின் பிரதி மாதம் ஒரு முறை தானாக எடுக்கப்பட்டு என்னிடம் ஒன்று, பெரியப்பாவின் பேத்தியிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. டொமைன் புதுப்பிக்கும் தேதி குடும்பத்தில் மூன்று பேர் ஃபோனில் நினைவூட்டலாக இருக்கிறது. திஸ்கி காலப் பக்கங்களில் இன்னும் சில கிடைக்கவில்லை. விளக்கம் எழுதாத படங்கள் ஒரு கட்டு மீதி உண்டு. அவற்றில் இருப்பவர்களை அடையாளம் காட்ட முதுநகரில் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

போன வாரம் உப்பனாற்றைப் பற்றிப் புதிதாக ஒன்று எழுதிப் போட்டிருந்தார். நானாகத் திறந்து பார்த்தேன். பகுதி 'முதுநகரும் துறைமுகமும்' என்று அவரே சரியாகத் தேர்ந்திருந்தார். முகவரி அவர் நோட்டுப் பட்டியலின்படி இருந்தது. படத்தின் அடியில் இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் என நான்கும் இருந்தன.